நீராட ஒரு சட்டம்

சட்டம் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருளில் வழங்குகிறது. படத்தைத் தாங்குவதும் சட்டம். கதவைப் பிடித்து நிற்பதும் சட்டம். நாட்டை ஆள்வதும் சட்டமே. வகுப்பில் இச்சொல்லை விளக்கும்போது, ஒன்றை அதன் எல்லைக்குள் நிறுத்துவது எதுவோ அதுவே சட்டம் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். மாணவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எழுபது கடந்த பின், நம் இல்லத்துக் குளியலறையில் நீராடுவதற்கென ஒரு சட்டம் அமைக்க நேர்ந்தபோதுதான் இச்சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றோடொன்று மோதக் கண்டோம். அம்மோதலில் எழுந்த ஐயங்களை நம் சமூகத்து இல்லறத்தார் முன் வைக்க விரும்புகிறோம்.

2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் வீடு இருக்கிறது. பழைய வீடு, பின்புறம் ஓர் உறைக்கிணறு. சென்ற ஐப்பசி மழையில் ஒரு காலை, குளியலறை வாயிற்படியைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து இடக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த அன்றே மகன் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து முன்னே வைத்தான். குளியலறையின் ஒரு மூலையில் மூன்றடிக்கு நான்கடி இடத்தைத் தனியே அடைத்து, உள்ளே அமர்வதற்கு ஒரு திண்டு, பிடித்துக்கொள்ளச் சுவரில் எவர்சில்வர் கம்பி, தலைக்கு மேலே ஷவர், காலில் தட்டும் படியே இல்லாத தரை. “அம்மா, இனிமேல் நீங்கள் வாளியைத் தூக்கவே வேண்டாம், உட்கார்ந்து குழாயைத் திருப்பினால் போதும்” என்றான்.

வேண்டாம் என்றோம். அப்போது நாம் சொன்ன காரணங்கள் அனைத்தும் நூல்வழிப்பட்டவை. அவற்றுள் எதுவும் பொய்யில்லை. சமந்தபத்திரரின் ரத்னகரண்ட சிராவகாசாரமும் அதன் வழி வந்த நம் அருங்கலச்செப்பும் மூன்று குணவிரதங்களைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று அநர்த்ததண்ட விரதம், அதாவது பயனற்ற தீங்கைத் தவிர்த்தல். மண்ணைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், காற்றை வீசுதல், செடி கொடிகளை அறுத்தல் ஆகியவற்றைத் தேவையின்றிச் செய்வது பிரமாத சரியை என்று ரத்னகரண்டம் எண்ணிக் காட்டுகிறது. இருக்கும் குளியலறையை இடித்து இன்னொன்று கட்டுவது இதில் அடங்காதா? மற்றொரு குணவிரதம் போகோபபோக பரிமாணம். ஒருமுறை நுகர்ந்து விடுவது போகம். மீண்டும் மீண்டும் நுகர்வது உபபோகம். அவ்வகையில் குளிக்கும் நீர் போகம், குளிக்கும் அறை உபபோகம். இரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்ள வேண்டிய அகவையில் இரண்டையும் பெருக்கிக்கொள்வது எவ்வாறு தகும்?

இவற்றிற்கெல்லாம் மேலாக நமக்கென ஒரு நியமம் இருந்தது. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம் என்றும், கால எல்லை வகுத்து ஏற்பது நியமம் என்றும் ரத்னகரண்டம் பிரித்து உரைக்கிறது. நியமத்திற்குரிய பொருள்களாக அது கூறும் வரிசையில் உணவு, ஊர்தி, படுக்கை ஆகியவற்றோடு நீராட்டும் இடம் பெற்றிருக்கிறது. கிணற்றில் இறைத்து, இரட்டை மடிப்புத் துணியில் வடித்து, துணியில் தங்கியதை அக்கிணற்றிலேயே திரும்பவிட்டு, அவ்வாறு வடித்த இரண்டு வாளி நீரில் மட்டும் நீராடுவது என்பது நம் நியமம். ஆண்டுதோறும் மகாவீரர் ஜயந்தியன்று அதனை ஓராண்டிற்குப் புதுப்பித்துக்கொள்வோம். வடித்த நீர் இரு நாழிகை, அதாவது 48 நிமிடம் வரையில்தான் வடித்த நீர் எனப்படும். மாடித் தொட்டியில் மூன்று நாள் கிடந்து, குழாய் வழியே வந்து, தலைமேல் கொட்டும் நீரை எந்தத் துணியில் வடிப்பது? எங்கே திரும்பவிடுவது?

இளையோர் சிலர், துணியால் கிருமி போகுமா என்று நகைப்பதுண்டு. லூவன்ஹூக் 1676-இல் தம் உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்டு எழுதிய நுண்ணுயிர்களை நம் வடிதுணி நிறுத்தாது என்பது உண்மையே. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நெளியும் இயங்குயிர்களைக் காப்பதற்காக ஏற்பட்டது அது. ஆயினும் துணியை முற்றிலும் இகழவும் வேண்டா. வங்காள தேசத்தின் மத்லப் பகுதிச் சிற்றூர்களில் பழைய சேலையை நான்காகவோ அதற்கு மேலோ மடித்து நீரை வடிக்கச் செய்ததில் காலரா 48 விழுக்காடு குறைந்ததாக ரீட்டா கோல்வெல் என்னும் அறிவியலாரும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்டனர். காலராக் கிருமி நீரிலுள்ள மிதவை உயிர்களைப் பற்றிக்கொண்டு வாழ்வதால், அவ்வுயிர்கள் துணியில் தங்கும்போது கிருமியின் பெரும்பகுதியும் உடன் தங்கிவிடுகிறது. அங்கே குடிப்பவர் பிழைப்பதற்காக வடித்தார்கள். நாம் வடிபடுவது பிழைப்பதற்காக வடிக்கிறோம். ஆதலின்தான் துணியை உதறிவிடாமல் கிணற்றுக்கே கொண்டு செல்கிறோம்.

இவ்வளவையும் நாம் விரித்துரைத்தபோது மகன் மறுமொழி கூறாமல் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டான். மருமகளும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் கிணற்றில் இறைத்து, வடித்து, இரண்டு வாளிகளையும் சுமந்து வந்து குளியலறையில் வைத்தாள். வைத்துவிட்டு, நாம் பார்க்கவில்லை என்று எண்ணி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்தினாள். நிமிர்த்துவதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

எத்தனை ஆண்டுகளாக அவள் இவ்வாறு நிமிர்கிறாள் என்று நமக்குத் தெரியாது. அவள் இவ்வீட்டிற்கு வந்து 19 ஆண்டுகள். வந்த மறுவாரமே, “நான் எடுத்து வருகிறேன், அத்தை” என்று வாளியை வாங்கிக்கொண்டவள். அன்று முதல் நாம் கிணற்றடிக்குப் போனதில்லை. ஆசிரியத் தொழிலில் ஊறிய மனம் கணக்குப் போடாமல் இராது. வாளிக்கு 15 லிட்டர். நாளுக்கு இரண்டு வாளி. 19 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 13,870 வாளி. ஊருக்குச் சென்ற நாள்களையும் அவள் தாய்வீடு சென்ற நாள்களையும் கழித்தாலும் 200 டன் அளவிற்கு நீர். அதனை இறைத்து, பதினைந்து தப்படி சுமந்து, நம் நியமத்தைக் காத்தவள் அவள். மகாவீரர் ஜயந்தி தோறும் கைகூப்பி நின்று நியமத்தைப் புதுப்பித்துக்கொண்டவர் நாம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிற்கு மீறிச் சுமையேற்றுதல், உணவு நீரைத் தடுத்தல். நான்காவதற்கு அதிபாராரோபணம் என்று பெயர். இதனைப் பாடம் சொல்லும்போதெல்லாம் மாட்டு வண்டியையும் பொதிக் கழுதையையும் எடுத்துக்காட்டாகக் கூறி வந்தோம். மருமகளின் இடுப்பு நம் நினைவிற்கு வந்ததே இல்லை.

அவ்வாசிரியரே ஆறாம் அத்தியாயத்தில் வினை வந்து சேரும் வாயில்களைக் கணக்கிடுகிறார். எண்ணுதல், கருவிகளைத் திரட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் என நான்கு. பெருக்கினால் 108 வரும். பிறரைக் கொண்டு செய்வித்த தீமை நம் கணக்கில் ஏறும் என்பதை நாம் எல்லோரும் ஒப்புகிறோம். பிறர் உடம்பைக் கொண்டு காத்த விரதம் மட்டும் முழுமையாக நம் கணக்கிலேயே ஏறும் என்று கருதுவது எவ்வாறு? நன்மை நமதாகவும் வலி அவளதாகவும் பிரியும் கணக்கு எந்த ஆகமத்திலும் இல்லை.

இங்கே ஒரு நண்பர் மறுத்துரைத்தார். அவள் விரும்பித்தானே செய்தாள், யார் வற்புறுத்தினார்கள் என்றார். விருப்பம் என்பதை அவ்வளவு எளிதில் முடிவு செய்யலாகாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நம் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டி நின்றன; நம் கிணற்றில் உறை அடி தெரிந்தது. அப்போது ராஜகீழ்ப்பாக்கம் முழுவதுமே ஒரு வாளியில் நீராடியது. அதனை யாரும் விரதம் என்று சொல்லவில்லை. வேறு வழியின்றிப் பொறுத்துக்கொள்வதற்கு நம் ஆகமம் அகாம நிர்ஜரை என்று பெயரிட்டு, தேவாயுவிற்கான காரணங்களுள் ஒன்றாகக்கூட வைத்திருக்கிறது. ஆயினும் அறிந்து மேற்கொள்ளும் தவத்தோடு அதனை ஒன்றாக எண்ணுவதில்லை. மாமியார் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொள்ளும் புது மருமகளின் செயல் இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது? அவளைக் கேட்டால் விருப்பம் என்றே சொல்லுவாள். அவ்வாறுதான் சொன்னாள்.

எனவே சட்டம் கட்டுவது என்று முடிவாயிற்று. மகனின் வரைபடத்தை மீண்டும் விரித்தோம். இம்முறை ஒவ்வொன்றையும் வேறு கண்ணால் பார்த்தோம்.

அமெரிக்காவில் வாழும் உறவினர் மகன் ஒருவர் அங்கே கட்டும் முறையைப் படம் அனுப்பியிருந்தார். பதினாறு அங்குலத்திற்கு ஒன்றாக மரச்சட்டங்களை நிறுத்தி, கைப்பிடிக் கம்பி வரவேண்டிய இடத்தில் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் கூடுதலாக அடித்து, மேலே பலகை போர்த்தி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். பார்க்க ஒழுங்காக இருந்தது. விரைவில் முடியும், சிமெண்டு மணல் குறைவு, இடிபாடும் குறைவு என்று மகன் அதனை விரும்பினான். மேஸ்திரி ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்: “கரையான்.” ஈரமான சுவருக்குள் மரத்தை மூடிவைத்தால் இவ்வூரில் அது ஐந்தாண்டு தாங்காது என்றார், அதற்குள் ஆண்டிற்கொருமுறை மருந்து அடிக்க வேண்டியிருக்கும்.

அவர் செலவைக் கருதிச் சொன்னார். நமக்கு அது வேறோர் உண்மையைக் காட்டிற்று. தொல்காப்பியர் மரபியலில் எறும்போடு சேர்த்து மூவறிவுயிராக வைத்த சிதல் என்பது இக்கரையானே. கட்டடம் எழுப்பும்போது நேரும் உயிர்க்கேடு ஆரம்ப ஹிம்சை. இல்லறத்தார்க்கு அது முற்றும் தவிர்க்க இயலாதது. கரையானைக் கண்டு அதனைக் கொல்வதற்கென்றே மருந்து வாங்கி வருவது சங்கல்ப ஹிம்சை. அது இல்லறத்தார்க்கும் விலக்கப்பட்டது. இன்று குறைந்த தீங்கோடு கட்டி, நாளை தவறாமல் கொல்ல வேண்டிய நிலையை நாமே செய்து வைப்போமானால், எந்தக் கட்டடம் சாதுவானது? ஒரு பொருளைக் கட்டும் நாளில் அதன் தீங்கை எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், அது நிற்கப்போகும் ஆண்டுகள் முழுவதும் நம்மிடம் எதைக் கேட்கும் என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லில் கற்றோம். செங்கல் என்று முடிவு செய்தோம். ஹாலோ பிளாக் மலிவுதான். ஆனால் உள்ளே வெற்றிடம் இருப்பதால், முதியவர் எடையைத் தொங்கவிடும் கம்பி அதில் உறுதியாகப் பிடிக்காது என்று மேஸ்திரி சொன்னார்.

தரையின் வாட்டத்திலும் அவ்வாறே. படி இல்லாத தரையில் நீர் வெளியே ஓடாமல் இருக்க வேண்டுமானால், நீர்ப்போக்கை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். கூடினால் கால் வழுக்கும். குறைந்தால் நீர் தேங்கும். ரசமட்டத்தை வைத்து மேஸ்திரி இரண்டு நாள் பாடுபட்டார். டைல்ஸ் பதித்து உலர்ந்த பின் நாமே ஒரு சொம்பு நீரை ஊற்றிப் பார்த்தோம். எல்லா நீரும் ஓடிற்று. திண்டின் கீழ் மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு நின்றது. “துடைத்துவிட்டால் போகிறது, டீச்சரம்மா” என்றார். துடைப்பது யார்? துடைக்க மறந்த நாளில் ஈரமும் அழுக்கும் சேரும். அங்கே பாசி பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத சம்மூர்ச்சன உயிர்கள் தோன்றும். சில நாள் மறந்தால் கொசுப்புழு நெளியும். பின்னர் அமிலம் ஊற்றித் தேய்க்க வேண்டும். நாமே பிறப்பித்து நாமே கொல்லும் வேலை அது. அந்த மூலையைப் பெயர்த்து மறுபடியும் போடச் சொன்னோம். நான்கு டைல்ஸ் வீணாயிற்று. அவர் முகம் சுருங்கியது. கூலியைச் சேர்த்துக் கொடுத்தபின் மலர்ந்தது.

இடத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். மூன்றடிக்கு நான்கடி போதுமா, இன்னும் சற்று நீட்டலாமா என்ற பேச்சு எழுந்தபோது, சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் நம் முன்னோர் செதுக்கிவைத்த 17 கற்படுக்கைகள் நினைவிற்கு வந்தன. ஒவ்வொன்றும் ஓர் உடம்பு கிடக்கும் அளவு. மழமழப்பாக இழைத்து, தலைப்பக்கம் சற்று உயர்த்தி, அவ்வளவோடு நிறுத்திவிட்டார்கள். உடம்பின் தேவையை அவர்கள் இகழவில்லை. கல்லில் தலையணை கூடச் செதுக்கினார்கள். அம்மலையின் மறுபக்கத்துக் குகைக்கோயில் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியர் தீட்டிய தாமரைத் தடாகத்தில் மீனும் பறவையும் யானையும் எருமையும் நெருக்கமாக இருக்கின்றன. நடுவே பூக்கொய்யும் மூவர். நீர்நிலையை வரைவது என்றால் அதில் வாழ்வனவற்றை வரைவது என்றே அவ்வோவியர் கொண்டிருக்கிறார். மூன்றடிக்கு நான்கடியே நின்றது. திண்டின் உயரம் ஒன்றரை அடி.

நியமத்திற்குரிய நீரை என் செய்வது என்பதுதான் கடைசி வரை முடியாத சிக்கல். கிணற்றில் சிறு மோட்டார் வைத்துவிடலாம் என்றான் மகன். கயிற்று வாளியில் ஏறிவரும் புழுவும் பூச்சியும் துணியில் தங்கி மீண்டும் கிணறு சேரும். மோட்டாரின் சுழற்சியில் சிக்கியது மீளாது. ஆனால் மோட்டார் வேண்டாம் என்றால் மருமகளின் முதுகு. இரண்டிற்கும் நடுவே பல நாள் நின்றோம். ஐயறிவு மனிதர்க்கும் ஓரறிவு, ஈரறிவு உயிர்க்கும் ஒரே தராசு உண்டா என்று கேட்டால், புலன் ஏற ஏறத் தீங்கும் ஏறும் என்றே நம் மரபு சொல்கிறது. அதனைக் கொண்டு மோட்டாருக்கு உடன்படலாம். ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஏனெனில் சிக்கலின் மூன்றாவது பக்கத்தை நாம் பார்க்கவே இல்லை: இரண்டு வாளி என்ற அளவை வகுத்தது யார்? நாமே. ஆசிரியப் பயிற்சி விடுதியில் தலைக்கு ஒரு வாளி என்று காப்பாளர் நிறுத்தியபோது, இரண்டாண்டு ஒரு வாளியில்தானே நீராடினோம்? வயது முதிர்ந்து உடம்பு சிறுத்தபின் இரண்டு எதற்கு?

குளியலறைச் சுவருக்கு அப்பால்தான் கிணறு. புதிய சுவரில் ஒரு துளையிட்டு, கிணற்றுத் திட்டில் ஒரு கல்தொட்டி அமைத்து, அங்கிருந்து சிறு குழாய் ஒன்றை வாட்டமாக உள்ளே கொண்டுவந்து, திண்டின் பக்கத்து மேடையில் இருக்கும் வாளிக்கு மேலே முடித்தோம். ராட்டினத்தில் இறைத்து, தொட்டியின் வாயில் கட்டிய துணியில் ஊற்றினால், நீர் தானே உள்ளே சென்று வாளியில் விழும். சுமப்பது இல்லை. ஒரு வாளி; 15 லிட்டர். இவ்வாண்டு மகாவீரர் ஜயந்தியன்று நியமத்தை அவ்வாறே மாற்றி ஏற்றோம். இறைப்பது இப்போது மகன். ஐம்பதை நெருங்கியவன், ராட்டினக் கயிற்றை முதன்முறை பிடித்தபோது வாளி பாதி காலியாகவே மேலே வந்தது. அவன் உழைப்பும் பிறர் உழைப்புத்தானே என்று கேட்கலாம். ஆம். அக்கணக்கு இன்னும் தீரவில்லை, பாதியாகியிருக்கிறது.

இனி, வேலை நடுவே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது.

பழைய டைல்ஸைக் கொத்தத் தொடங்கிய அன்று, திண்டு வரவேண்டிய மூலையில், மேல் சன்னலுக்குக் கீழே ஒரு குளவிக்கூடு இருப்பதைச் சித்தாள் கண்டார். மண்ணால் செய்த மூன்று அறைகள், மூன்றும் மூடியிருந்தன. காணும் வரை அது நம் அறியாமை. கண்டபின் உளியை வைத்தால் அது சங்கல்பம். வேலையை நிறுத்தச் சொன்னோம். குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று நம்முடைய பெரியோர் உவமை கூறுவர். அறிவியல் பாடம் நடத்தியவர்க்கு அவ்வுவமை சற்று நெருடும். தாய்க்குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடுகிறது. உள்ளே பிறக்கும் குளவிக்குஞ்சு அதனைத் தின்று வளர்ந்து, சில வாரங்களில் மண்ணைத் துளைத்து வெளிவருகிறது. அகிம்சையின் பெயரால் நாம் காத்து நின்றது ஒரு கொலைக்கூடத்தை என்று பேரன் நகைத்தான். விலங்கின் வினையை விலங்கு அனுபவிக்கும். நம் உளி நம் வினை என்று அவனுக்கு விடையிறுத்தோம். அது சரியான விடைதான் என்று இன்றும் கருதுகிறோம்.

மேஸ்திரிக்கு அவ்விடை போதவில்லை. “டீச்சரம்மா, கூடு காலியாகட்டும்னு நீங்க சொல்றீங்க, அதுவரைக்கும் என் அடுப்பு காலியா இருக்கக் கூடாதே” என்றார். நம் வேலைக்காக வேறொரு வேலையை விட்டு வந்திருந்தார். காத்திருக்கும் நாளுக்குப் பாதிக் கூலி தருகிறோம் என்றோம். தாராளமாகச் சொல்லிவிட்டதாக மனத்திற்குள் ஒரு நிறைவும் இருந்தது. உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். “அத்தை, கூட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பது நம் விருப்பம். அதற்கு அவர் ஏன் பாதி கொடுக்க வேண்டும்?” என்று மெல்லக் கேட்டாள். பத்தொன்பது ஆண்டுகளில் அவள் நம்மை எதிர்த்துக் கேட்ட முதற் கேள்வி அது. யாரைக் குறித்துக் கேட்டாள் என்பது நமக்கு இரவில்தான் விளங்கிற்று. மேஸ்திரிக்கு வேறு வேலை கிடைக்கும் வரை ஆறு நாளுக்கு முழுக்கூலி கொடுத்தோம்.

பத்தொன்பதாம் நாள் இரண்டு அறைகளில் துளை தெரிந்தது. மூன்றாவது திறக்கவே இல்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்து மெதுவாகப் பெயர்த்தபோது உள்ளே உலர்ந்த தூசிதான் இருந்தது. வேலை மீண்டும் தொடங்கிற்று. சித்தாள் வந்தபோது, நடுவில் எங்கே வேலைக்குப் போனீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டோம். “எங்கேயும் இல்லைம்மா. மேஸ்திரி கூப்பிட்டாத்தான் எனக்கு வேலை” என்றார். கூட்டை முதலில் கண்டு நம்மிடம் காட்டியவர் அவர். கண்டும் காணாததுபோல் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவருடைய நாள்கூலி போயிராது. அறுபது, எழுபது முறை அகிம்சையைப் பற்றிப் பேசியிருக்கும் நாம், மூன்று குளவிகளைக் கணக்கில் கொண்டோம், மேஸ்திரியைக் கொண்டோம். இவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்குரியதைப் பிறகு கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, எதற்கு என்று இருமுறை கேட்டார்.

தலைக்கு மேலே ஷவரும் பொருத்தப்பட்டுவிட்டது. அது நமக்காக அன்று. மகனும் மருமகளும் பேரனும் அதனைப் பயன்படுத்துகிறார்கள். வாளியை வைத்து அளந்து பார்த்தோம்: இரண்டு நிமிடத்தில் 15 லிட்டர். நகரத்தில் ஒருவர்க்கு நாளொன்றிற்கு 135 லிட்டர் என்று இந்திய அளவு வகுத்திருக்கிறார்கள். அதில் 55 லிட்டர் நீராட்டிற்கு. பேரன் எட்டு நிமிடம் நிற்கிறான், 60 லிட்டர். நம்முடைய நான்கு வாளி. ஷவருக்கு ஒரு கால அளவு வகுத்துவிடலாமா என்று மகன் கேட்டான். வகுத்தால் அது அவனுக்குச் சட்டமாகும், விரதமாகாது. அவனாக ஏற்கும் நாள் வந்தால் வரட்டும் என்று சொல்லிவிட்டோம். சொன்னது நன்றாகவே இருந்தது.

ஆனால் காலையில் நாம் ஜபத்திற்கு அமரும் இடம் அச்சுவரை ஒட்டியது. பஞ்ச நமஸ்காரம் சொல்லி 108 மணியை உருட்டும்போது, உள்ளே நீர் கொட்டும் ஓசை கேட்கும். ஒருநாள் மணி எண்ணுகிறோமா, லிட்டர் எண்ணுகிறோமா என்றே தெரியாமல் போயிற்று. எண்ணி முடித்தபோது ஒரு சினமும், அதன் அடியில் நம் ஒரு வாளியைப் பற்றிய செருக்கும் இருப்பதைக் கண்டோம். 108-இல் அவ்விரண்டும் எத்தனை வாயில்களைத் திறக்கும் என்று வேறு மனம் கணக்கிடத் தொடங்கிற்று.

இப்போது ஜபத்திற்கு வாசல் திண்ணையில் அமர்கிறோம். தெருவில் பால்காரர் வருவார். செம்பாக்கம் பக்கமிருந்து கொக்குகள் பறக்கும். பேரன் எவ்வளவு நேரம் நீராடுகிறான் என்பது நமக்குத் தெரியாது.